போரும் சமூகமும் வரலாற்றெழுத்தும்: மார்க் புளோக்கின் சிந்தனைகள்

முன்னுரை

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பற்றித் தம் குடும்பத்து முதியவர்களிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களைப் பணிப்பது, நம் ஆசிரியர்கள் பலரும் கையாண்ட ஒரு பயிற்சிமுறை. அவ்வாறு திரட்டப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது ஒரு சிக்கல் தவறாமல் எழுகின்றது. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவேறு விதமாகக் கூறுகின்றனர். கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது எனப் பிரித்தறிய இயலவில்லை. நடந்திருக்க முடியாத செய்திகளும் உறுதியோடு சொல்லப்படுகின்றன. இவற்றை வரலாறு என ஏற்பதா, கதை என ஒதுக்குவதா? 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட மலாயாவை விவரம் அறிந்த வயதில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். இனி நம் கையில் இருக்கப்போவது பெரும்பாலும் அவர்கள் சொல்லிச் சென்றவையே. ஆதலால் இக்கேள்வியை மேலும் தள்ளிப்போட இயலாது.

இதே கேள்வியைப் போர்க்களத்தில் நின்று கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் பிரான்சு நாட்டு வரலாற்றறிஞர் மார்க் புளோக் (1886–1944). இரண்டு உலகப் போர்களிலும் படைவீரராகப் பணியாற்றிய அவர், முதற்போரின் அனுபவத்திலிருந்து பொய்ச்செய்தி பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையையும், இரண்டாம் போரில் தம் நாடு அடைந்த தோல்வியிலிருந்து ஒரு சாட்சிய நூலையும், அத்தோல்விக்குப் பிந்திய ஒடுக்குமுறைக் காலத்தில் வரலாற்று முறையியல் பற்றிய ஒரு நூலையும் எழுதினார். இம்மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்கும்போது, போரைப் பற்றி எழுதுபவர் முதலில் எவரை விசாரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு விடை கிடைக்கின்றது. அவ்விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புளோக்கின் வாழ்க்கைப் பின்னணி

மார்க் புளோக் 1886ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் லியோன் நகரில் பிறந்தார். ஜெர்மானிய எல்லையை ஒட்டிய அல்சாசு பகுதியிலிருந்து வந்த யூதக் குடும்பம் அது. தந்தை குஸ்தாவ் புளோக், உரோமானிய வரலாற்றுப் பேராசிரியர். 1870ஆம் ஆண்டுப் போரில் ஸ்திராஸ்பூர் நகரைக் காக்கும் பணியில் ஈடுபட்டவர். மகன் பாரிசிலும், பின்னர் 1908–09இல் பெர்லினிலும் லைப்சிக்கிலும் பயின்றார். ஜெர்மானிய வரலாற்றுப் புலமையை அந்நாட்டிலேயே கற்றவர், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டுப் படைக்கு எதிரே பதுங்குகுழியில் நிற்க நேர்ந்தது.

1914 ஆகஸ்டில் காலாட்படையில் சார்ஜெண்டாகப் போருக்குச் சென்ற அவர், 1918இல் கேப்டனாகப் பதவி உயர்ந்திருந்தார். வீரத்திற்கான விருதுகளும் பெற்றார். 1919இல் ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கு உடன் பணியாற்றிய லூசியன் ஃபெவ்ருடன் இணைந்து 1929இல் 'அனால்' எனப்படும் பொருளாதார, சமூக வரலாற்று ஆய்விதழைத் தொடங்கினார். அரசர், போர், உடன்படிக்கை என்னும் வரிசையிலேயே நடைபோட்ட வரலாற்றெழுத்தை உழவு, விலைவாசி, நம்பிக்கை, மனப்பாங்கு ஆகியவற்றின்பால் திருப்பியதில் இவ்விதழுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலவுடைமைச் சமூகம் பற்றிய அவருடைய இரு தொகுதி நூல் 1939–40இல் வெளிவந்தது. அதற்குள் அவர் இரண்டாவது போரில் மீண்டும் சீருடை அணிந்திருந்தார்.

கண்டவரின் நினைவு

1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குடற்காய்ச்சல் கண்டு களத்திலிருந்து அனுப்பப்பட்ட புளோக், உடல்நலம் தேறிவந்த நாள்களில் தம் முதல் சில மாதப் போர் அனுபவங்களை எழுதி வைத்தார். அக்குறிப்புகள் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1969இல் நூலாயின. அவற்றில் நம் கவனத்திற்குரியது ஒன்றுண்டு. 1914 செப்டம்பரில் மார்ன் ஆற்றுப் போரில் முதன்முதலாகக் குண்டுமழையில் சிக்கிய நாளைக் குறித்து எழுதும்போது, தம் நினைவில் காட்சிகள் தெளிவாக இருப்பினும் அவற்றின் வரிசை சிதைந்திருப்பதாகவும் இடையிடையே வெற்றிடங்கள் உள்ளதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். நிகழ்ச்சி நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எழுதியவரோ சான்றுகளைச் சீர்தூக்கப் பயிற்சி பெற்ற வரலாற்று மாணவர். அத்தகையவரின் நினைவே இவ்வாறு உடைபட்டதெனில், நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கூறப்படும் நினைவுகளில் முரண்பாடு காணப்படுவதில் வியப்பில்லை.

இதிலிருந்து, கண்டவர் சொல் பயனற்றது என்னும் முடிவுக்குப் புளோக் வரவில்லை. நினைவு தேர்ந்தெடுக்கிறது, ஆகவே எது நினைவில் நின்றது, எது நழுவியது, அது ஏன் என்று கேட்க வேண்டும் என்பதே அவர் கொண்ட பாடம். முரண்பாடு என்பது சாட்சியத்தின் குறையாக நிற்காமல் ஆய்வுக்குரிய பொருளாகவும் மாறுகின்றது.

பொய்ச்செய்தி என்னும் சான்று

இப்பாடத்தின் விரிவே 1921இல் அவர் வெளியிட்ட கட்டுரை. போர்க்காலப் பொய்ச்செய்திகளைப் பற்றி ஒரு வரலாற்றாசிரியரின் சிந்தனைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். போரைத் துயரம் என்று மட்டும் காணாமல், மனித சமூகம் எவ்வாறு நம்புகிறது என்பதை வெளிப்படுத்தும் மாபெரும் சோதனைக்களமாகவும் அவர் அதில் கண்டார்.

கட்டுரையின் முதன்மை எடுத்துக்காட்டு பெல்ஜியத்தைச் சார்ந்தது. 1914 ஆகஸ்டில் அந்நாட்டினுள் நுழைந்த ஜெர்மானியப் படையினரிடையே, பெல்ஜியக் குடிமக்கள் சீருடையின்றி வீடுகளில் ஒளிந்திருந்து சுடுகின்றனர், காயம்பட்டோரின் கண்களைத் தோண்டுகின்றனர் என்னும் செய்திகள் காட்டுத்தீயெனப் பரவின. 1870–71 போரின்போது பிரான்சில் இத்தகைய தன்னார்வச் சுடுநர்கள் உண்மையாகவே இருந்தனர். அவர்கள் 'ஃபிரான்-திரேர்' எனப்பட்டனர். அவர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் 1914இல் படையெடுத்து வந்தனர். ஊரையும் வீட்டையும் திடீரெனப் பிரிந்து, இடைவிடாத நடையால் களைத்து, அயல்மண்ணில் அச்சத்தோடு நடந்த அவர்களுக்குக் காணுமிடமெல்லாம் பகைமையே தோன்றியது.

அங்குள்ள வீடுகளின் முகப்புச் சுவர்களில் சிறு துளைகள் இருந்தன. சுவருக்குப் பூச்சு வேலை செய்வோர் சாரம் கட்டுவதற்காக விடப்பட்டவை அவை. ஆயின், படையினர் அவற்றைத் துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்கென்றே முன்கூட்டித் திட்டமிட்டு அமைத்த துளைகள் எனக் கொண்டனர். பெல்ஜிய ஆய்வாளர் வான் லாங்கென்ஹோவ திரட்டிய இத்தகைய சான்றுகளைப் புளோக் அடிப்படையாகக் கொண்டார். கண் பார்த்தது உண்மையான துளை. மனம் படித்தது பழைய கதை. கண்ணால் காண்பதும் பொய் என்னும் நம் வழக்குமொழி இங்கு ஓர் ஆய்வு முடிவாகவே நிற்கின்றது.

இந்நம்பிக்கையின் விளைவு கொடியது. பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் அவ்வாண்டு கொல்லப்பட்ட குடிமக்கள் 6,400க்கும் மேற்பட்டோர் எனப் பிற்கால ஆய்வு கணக்கிடுகின்றது. லூவேன் பல்கலைக்கழக நூலகம் தீக்கிரையாயிற்று. பொய்ச்செய்தி ஒருமுறை குருதி சிந்த வைத்துவிட்டால், பின்னர் அதைப் பொய்யென ஒப்புவது மேலும் கடினமாகின்றது என்பதையும் புளோக் சுட்டினார். தாம் கொன்றவர்கள் குற்றமற்றவர்கள் என ஏற்கும் துணிவு எளிதில் வருவதில்லை. கொலை, தன்னை நியாயப்படுத்தும் கதைக்குக் காவலாகி விடுகின்றது.

மற்றோர் எடுத்துக்காட்டைப் புளோக் தம் படைப்பிரிவிலேயே கண்டார். 1917 செப்டம்பரில் ஷெமேன் தெ தாம் பகுதியில் அவர்களுடைய படை நிலைகொண்டிருந்தபோது ஜெர்மானியப் படைவீரர் ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். அவர் நடுத்தர வயதினர். போருக்கு முன் பிரேமன் நகரில் வணிகராயிருந்தவர். பிரெஞ்சு மொழியில் அந்நகரின் பெயர் 'பிரேம்'. படை தங்கியிருந்த இடத்திற்கு அருகே 'பிரேன்' என்னும் சிற்றூர் ஒன்று இருந்தது. விரைவில், பிடிபட்டவர் போருக்கு முன் பிரேனில் கடை வைத்திருந்த ஒற்றர் என்னும் செய்தி படைவீரரிடையே உலவத் தொடங்கியது. தொலைநாட்டு நகரின் பெயர் அவர்களுக்குப் பழக்கமில்லை. பக்கத்து ஊரின் பெயர் நன்கு தெரியும். ஓரெழுத்து மாற்றம் மட்டும் இக்கதையை உருவாக்கிவிடவில்லை. ஜெர்மானியர்கள் வணிகர் வேடத்தில் எங்கும் ஒற்றாடுகின்றனர் என்னும் நம்பிக்கை முன்னரே வேரூன்றியிருந்தது. காதின் பிழை அந்நம்பிக்கைக்கு ஏற்ற வடிவில் அமைந்தது, அவ்வளவே.

இவ்விரு எடுத்துக்காட்டுகளிலிருந்தும் புளோக் வந்தடைந்த கருத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம். பொய்ச்செய்தி ஒருவரின் புனைவாகவோ பிழையாகவோ தோன்றலாம். அது பரவ வேண்டுமெனில், அதை ஏற்கும் நிலம் சமூகத்தின் கூட்டு மனத்தில் முன்னரே பண்பட்டிருக்க வேண்டும். ஆதலால் பொய்யென நிறுவப்பட்ட செய்தியை வரலாற்றாசிரியர் குப்பையில் எறிந்துவிடலாகாது. நிகழ்ச்சிக்குச் சான்றாகாத அது, அதை நம்பியவர்களின் அச்சத்துக்கும் வெறுப்புக்கும் நேரடிச் சான்றாகின்றது.

பதுங்குகுழிகளில் செய்தி பரவிய வழிகளையும் அவர் ஆராய்ந்தார். தணிக்கைக்கு உட்பட்ட செய்தித்தாளைப் படைவீரர் நம்பவில்லை. அச்சின்மீது நம்பிக்கை அற்றுப்போனபோது, பழங்காலத்தைப் போல வாய்மொழியே மீண்டும் ஆட்சி பெற்றது. வெவ்வேறு பிரிவுகளிலிருந்து உணவு எடுக்க வருவோர் கூடும் சமையற்கூடங்களே கதைகள் பிறந்து பரவும் சந்தியாயின. இடைக்காலத்தை ஆராய்ந்தவருக்கு, எழுத்து அருகிப் பேச்சு ஓங்கிய ஒரு சமூகத்தை நேரில் காணும் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டில் கிட்டியது.

போரிலிருந்து இடைக்காலத்திற்கு

1924இல் வெளிவந்த, அரசரின் தொடுகையைப் பற்றிய புளோக்கின் பெருநூல் இந்த அனுபவத்தின் ஒளியிலேயே படிக்கத்தக்கது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் அரசர் தொட்டால் கண்டமாலை என்னும் கழுத்துக் கழலை நோய் நீங்கும் என மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். இங்கிலாந்தில் 1714இல் மறைந்த ஆன் அரசியாரோடு இவ்வழக்கம் முடிவுற்றது. பிரான்சில் பத்தாம் சார்லசு 1825இல் முடிசூடியபோதும் நோயாளிகளைத் தொட்டார். தொட்டவுடன் எவரும் குணமடையவில்லை என்பது அனைவரும் காணக்கூடியதே. எனினும் நம்பிக்கை நீடித்தது. அந்நோய் சில வேளைகளில் தானே தணிவதுண்டு. அற்புதத்தை எதிர்பார்த்திருந்தோர் அத்தணிவை அற்புதமெனவே கண்டனர்.

சுவரிலிருந்த துளையைச் சுடுதுளை எனக் கண்ட படைவீரரும், நோயின் இயல்பான தணிவை அரசரின் ஆற்றல் எனக் கண்ட குடியானவரும் ஒரே வகையில் நம்புகின்றனர். நிகழ்காலத்தை அறிவதால் கடந்தகாலம் விளங்குகின்றது. கடந்தகாலத்தை அறியாமையால் நிகழ்காலம் மயங்குகின்றது. இவ்விருவழிப் போக்கைப் புளோக் தம் எழுத்து வாழ்வு முழுவதும் வலியுறுத்தினார்.

1940: தோல்வியின் சாட்சி

1939இல் போர் மூண்டபோது புளோக்கிற்கு வயது 53. ஆறு பிள்ளைகளின் தந்தை. படைக்குச் செல்லவேண்டிய கட்டாயம் இல்லாதிருந்தும் விரும்பிச் சென்றார். பிரெஞ்சு முதலாம் படையின் தலைமையகத்தில் எரிபொருள் வழங்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1940 மே 10ஆம் நாள் ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கியது. சில நாள்களிலேயே செடான் அருகே மூஸ் ஆறு கடக்கப்பட்டது. வடக்கே சென்றிருந்த படைகள் சூழப்பட்டன. டன்கர்க் கடற்கரையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்ற புளோக், உடனடியாகப் பிரான்சுக்குத் திரும்பினார். சூன் 18ஆம் நாள் அவரிருந்த ரென் நகரில் ஜெர்மானியர் நுழைந்தபோது, சீருடையைக் களைந்து, தம் சொந்தப் பெயரிலேயே ஒரு பேராசிரியராக விடுதியில் தங்கிச் சிறைப்படாமல் தப்பினார்.

அவ்வாண்டு சூலை முதல் செப்டம்பர் வரை, கிராமத்திலிருந்த தம் இல்லத்தில் அவர் எழுதியதே 'வினோதமான தோல்வி' எனப் பொருள்படும் தலைப்புடைய நூல். அது அச்சேறியது 1946இல்தான். மூன்று பகுதிகளைக் கொண்ட அந்நூலின் அமைப்பே ஆய்வாளர்களுக்கு ஒரு பாடமாகும். முதற்பகுதியில் சாட்சி தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது: தாம் யார், எங்கு நின்றார், அவ்விடத்திலிருந்து எதைக் காண முடிந்தது என்பவற்றைக் கூறுகிறார். இரண்டாம் பகுதி, தோற்றவர் ஒருவரின் வாக்குமூலம். மூன்றாவது, பிரெஞ்சுக் குடிமகன் ஒருவரின் மனச்சான்று விசாரணை.

இரண்டாம் பகுதியில் புளோக் படைத்தலைமையின் சிந்தனைக் குறையை முதன்மைக் காரணமாக வைக்கிறார். ஜெர்மானியர் உந்துவண்டிகளின் வேகத்தில் போரிட்டனர். பிரெஞ்சுத் தலைமையோ இருபதாண்டுகளுக்கு முந்திய வேகத்தில் தொலைவுகளைக் கணக்கிட்டது. சிறுசிறு தொலைவுகளாகப் பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் எதிரி முன்னரே அங்கு வந்துவிட்டிருந்தான். கோப்புகளும் படிநிலைகளும் முடிவுகளைத் தாமதப்படுத்தின. நேச நாடான பிரிட்டனின் படையோடு சரியான தொடர்பு பேணப்படவில்லை.

இங்கு அவர் வரலாற்றுக் கல்வியையும் குற்றக்கூண்டில் நிறுத்துகிறார். படைத் தலைவர்கள் வரலாறு அறியாதவர்கள் அல்லர். போர்க் கல்லூரிகளில் முந்தைய போர்களைக் கருத்தூன்றிக் கற்றவர்கள் அவர்கள். 1918இல் வென்ற முறையே மீண்டும் வெல்லும் என்னும் நம்பிக்கையை அக்கல்வி அவர்களுக்கு அளித்திருந்தது. புளோக்கின் பார்வையில் வரலாறு என்பது மாற்றத்தைப் பற்றிய அறிவு. சூழ்நிலைகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லையாதலால் இரு நிகழ்ச்சிகள் அப்படியே மீள்வதில்லை. வரலாற்றை மாறாத விதிகளின் தொகுப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரைக் கடந்தகாலத்தில் சிறைவைக்கிறார். 1940இல் இதற்குப் பிரான்சு கொடுத்த விலை அதன் விடுதலை.

தன்னை விசாரித்தல்

மூன்றாம் பகுதியில் பொறுப்பு தலைமையிடமிருந்து சமூகத்திற்கு விரிகின்றது. தம் நலனையே பெரிதெனக் கொண்ட செல்வர்கள், குறுகிய பார்வையுடைய தொழிற்சங்கங்கள், நேர்மை தளர்ந்த பத்திரிகைகள், கட்சி அரசியல் எனப் பலவற்றையும் அவர் ஆராய்கிறார். இவ்வாறு பிறரைக் குறைகூறிய நூல்கள் அக்காலத்தில் பல எழுதப்பட்டிருக்கலாம். புளோக்கின் நூல் வேறுபடுவது, விசாரணை இறுதியில் அவர்பால் திரும்பும் இடத்தில்.

முதற்போரிலிருந்து மீண்ட தம் தலைமுறையினர் களைத்துப் போயிருந்தனர் என்றும், இடையில் விட்ட தம் தொழிலைத் தொடரும் ஆர்வத்தில் மேசைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் விரைந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். நாடு தவறான வழியில் செல்வதை அறிந்தும் அதைப் பொதுவில் உரக்கச் சொல்லவில்லை; நண்பர் வட்டத்தில் முணுமுணுத்ததோடு நின்றனர். தம் துறையில் நல்ல உழைப்பாளிகளாக இருந்தவர்கள் நல்ல குடிமக்களாகவும் இருந்தனரா என்பதே அவர் தம்மிடமும் தம்மையொத்த அறிஞரிடமும் கேட்கும் கேள்வி. 1921இல் பொய்ச்செய்தியை நம்பிய படைவீரரின் மனத்தை ஆராய்ந்தவர், 1940இல் உண்மையை அறிந்தும் மௌனம் காத்த அறிஞரின் மனத்தை ஆராய்கிறார். இந்த இரண்டாவது விசாரணையே கடினமானது. ஏனெனில், சாட்சியும் குற்றம்சாட்டப்பட்டவரும் இங்கு ஒருவரே.

வரலாற்றாசிரியரின் தொழில்

1940 அக்டோபரில் விஷி அரசு யூதர்களைப் பொதுப்பணிகளிலிருந்து விலக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிறப்பான அறிவுப்பணிக்காக விலக்களிக்கப்பட்ட மிகச் சிலருள் புளோக்கும் ஒருவர். கிளேர்மோன் ஃபெரானிலும் பின்னர் மோன்பெலியேவிலும் சிறிது காலம் கற்பித்தார். பாரிசிலிருந்த அவருடைய நூலகம் பறிபோயிற்று. 'அனால்' இதழை ஆக்கிரமிக்கப்பட்ட பாரிசிலேயே தொடர்வதற்கு, யூதரான அவருடைய பெயரை நீக்கவேண்டிய நிலை எழுந்தது. இதுபற்றி அவருக்கும் ஃபெவ்ருக்கும் இடையே கசப்பான வாதம் நிகழ்ந்தது. முடிவில் புளோக் இணங்கினார். தம் கட்டுரைகளை 'ஃபூஜேர்' என்னும் புனைபெயரில் எழுதினார்.

இச்சூழலில்தான், நூல்களும் குறிப்புகளும் கையிலில்லாத நிலையில், வரலாற்றுக்கான தற்காப்புரையை அவர் எழுதத் தொடங்கினார். வரலாற்றால் என்ன பயன் என்று ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்ட கேள்வியே அந்நூலின் தொடக்கம். முற்றுப்பெறாத அந்நூலை 1949இல் ஃபெவ்ர் பதிப்பித்தார்.

நூலின் கருத்துகளுள் ஒன்று நம் துறையினருக்குப் பெரிதும் பயன்படும். சான்றுகளை அவர் இருவகைப்படுத்துகிறார்: பிறர் அறியவேண்டும் என்னும் நோக்கத்தோடு விட்டுச்செல்லப்பட்டவை ஒருவகை; அந்நோக்கமின்றித் தாமே எஞ்சியவை மற்றொருவகை. சோழர் கல்வெட்டுகளைக் கொண்டு இதனை விளக்கலாம். மெய்க்கீர்த்தி, அரசன் தன்னை உலகம் எவ்வாறு அறியவேண்டும் என விரும்பினானோ அதைக் கூறுகின்றது. அதே கல்வெட்டில் தொடரும் நில எல்லையும் வரிப்பெயரும் விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கையும் அன்றைய நடைமுறைத் தேவைக்காக வெட்டப்பட்டவை. பின்னதிலிருந்தே அக்காலச் சமூகத்தை நாம் மிகுதியாக அறிகின்றோம். ஆயினும் எவ்வகைச் சான்றும் தானே பேசுவதில்லை. கேட்கத் தெரிந்தவருக்கே அது விடையளிக்கும்.

மற்றொரு கருத்து, தீர்ப்புக்கும் புரிதலுக்கும் இடையிலான வேறுபாடு. இறந்தோரைப் புகழ்வதும் இகழ்வதும் எளிது. அவர்கள் ஏன் அவ்வாறு நடந்தனர் என விளங்கிக்கொள்வதே வரலாற்றாசிரியரின் வேலை என்றார் அவர். தம் இனத்தையே வேட்டையாடிய ஆட்சியின்கீழ் இருந்துகொண்டு இவ்வாறு எழுதியவர், செயலின்றி ஒதுங்கி நின்றவரும் அல்லர். 1943இல் லியோன் நகரில் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து மறைந்து வாழ்ந்தார். அவர் சேர்ந்த அமைப்பின் பெயர் ஃபிரான்-திரேர். 1914இல் பெல்ஜியத்தில் இல்லாதிருந்தும் இருந்ததாக நம்பப்பட்ட அதே சீருடையற்ற போராளியின் பெயர் அது. அவ்வாண்டிலேயே எதிர்ப்பியக்க இதழொன்றில் கல்விச் சீர்திருத்தம் பற்றியும் எழுதினார். தேர்வுக்காக மனப்பாடம் செய்யவைக்கும் முறையைக் கடிந்துரைத்தார். நாட்டின் மீட்சி பள்ளியறையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவரது துணிபு.

1944 மார்ச் 8ஆம் நாள் ஜெர்மானிய இரகசியக் காவல்துறையினர் அவரைக் கைதுசெய்து சித்திரவதைக்கு உள்ளாக்கினர். சூன் 16ஆம் நாள் லியோனுக்கு வடக்கேயுள்ள ஒரு வயல்வெளியில், சிறையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மற்றவர்களோடு அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். 1941இல் எழுதிய உயிலில், உண்மையை நேசித்தவர் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரையே தம் கல்லறைக்கு உரியதாக அவர் குறித்திருந்தார். அவருடைய நினைவைத் தேசியப் பெருமக்களுக்குரிய பாந்தியோன் மண்டபத்தில் போற்றுவதென்னும் முடிவைப் பிரெஞ்சு அதிபர் 2024 நவம்பரில் ஸ்திராஸ்பூர் நகரில் அறிவித்தார்.

மறுபரிசீலனை

புளோக்கின் 1940ஆம் ஆண்டு விளக்கத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்க வரலாற்றறிஞர் எர்னஸ்ட் மே 2000இல் வெளியிட்ட நூலில், பிரான்சின் தோல்வி அதன் சமூகச் சீர்கேட்டால் தவிர்க்க முடியாததாகிவிட்டது என்னும் கருத்தை மறுத்தார். கவச வண்டிகளின் எண்ணிக்கையில் நேச நாடுகள் ஜெர்மனிக்குப் பின்தங்கியிருக்கவில்லை. ஆர்டென் காட்டுவழியே முதன்மைத் தாக்குதல் வரும் என்பதை அவற்றின் உளவு மதிப்பீடு கணிக்கத் தவறியதே பெருங்காரணம் என்பது அவர் வாதம்.

இத்திருத்தம் வலுவானது. எனினும் இது புளோக்கின் முறையைத் தகர்க்கவில்லை. ஆவணக் காப்பகங்கள் திறவாத காலத்தில், ஒரு தலைமையகத்தின் மேசையிலிருந்து கண்டதைச் சாட்சியமாகவே அவர் எழுதினார். தாம் நின்ற இடத்தை முதலிலேயே அறிவித்தார். அவ்வறிவிப்பே, பின்வந்தோர் அவருடைய சாட்சியத்தை எடைபோடவும் திருத்தவும் வழிசெய்தது. தான் நின்ற இடத்தை மறைக்கும் சாட்சியைத் திருத்துவது அரிது.

நம் சூழலில்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு மீள்வோம். அதே உலகப் போரில், 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதையை ஜப்பானியர் அமைத்தனர். போர்க்கைதிகளாய் அங்கு உழைத்த நேச நாட்டு வீரர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுடைய அதிகாரிகள் பதிவுகளை வைத்திருந்தனர். பலருடைய கல்லறைகளில் இன்று பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் இறப்போ மதிப்பீடாகவே நிற்கின்றது. அது ஏறத்தாழ 90,000 எனப் பல ஆய்வாளர் கூறுவர். ஒருபுறம் பெயர்கள், மறுபுறம் தோராயமான ஓர் எண். யார் எழுதினரோ அவரே நினைக்கப்படுகிறார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய இடத்தில்தான் முதியவர்களின் வாய்மொழி இன்றியமையாததாகின்றது. அதில் காணும் மிகையையும் முரணையும் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. மாணவர் கொண்டுவரும் ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம்: சொன்னவர் அப்போது எங்கிருந்தார்? அவர் கண்டது எது, கேட்டது எது? நடந்திராத ஒன்றை அவர் நம்பியிருப்பின், அவரை நம்பவைத்த அச்சம் யாது? மூன்றாம் கேள்வியைக் கேட்கும்போது, வதந்தியெனத் தள்ளப்பட்ட செய்தியும் அக்காலத் தோட்டப்புற மக்களின் மனநிலைக்குச் சான்றாகிவிடும். 'இரயிலுக்குப் போனவர் திரும்பவில்லை' என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல இயலாத குடும்பங்களின் மௌனத்தையும் அவ்வாறே குறித்துவைக்கலாம்.

முடிவுரை

போர் சமூகத்தின் மறைந்திருந்த நம்பிக்கைகளை வெளிக்கொணர்கின்றது என்பதைப் புளோக் முதற்போரில் கற்றார். அச்சமூகத்தில் தாமும் ஒருவர் என்பதை இரண்டாம் போரில் கற்றார். போரைப் பற்றி எழுதுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது எவரை என்னும் கேள்விக்கு இவ்விரண்டும் சேர்ந்தே விடையாகின்றன. பகைவரையும் தலைவரையும் சாட்சிகளையும் விசாரிக்குமுன், எழுதுபவர் தாம் நின்ற இடத்தையும் தாம் காத்த மௌனத்தையும் கணக்கில் வைக்கவேண்டும்.

அக்கணக்கை நாமும் பார்க்கவேண்டியவர்களே. போரைக் கண்டவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஆண்டுகள் பல. அப்போது நாம் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தோம், ஆய்வேடுகள் எழுதிக்கொண்டிருந்தோம். அவர்களிடம் எத்துணை முறை கேட்டோம்? கேட்டதில் எவ்வளவை நாளும் இடமும் குறித்து எழுதிவைத்தோம்? இவ்வினாக்களுக்கு நம்மில் ஒவ்வொருவரும் தனித்தனியே விடையிறுக்க வேண்டும். எஞ்சியுள்ள சிலரிடம் கேட்பதற்கும், மறைந்தவர் சொன்னதை நினைவிலுள்ள பிள்ளைகளிடமிருந்து குறித்துக்கொள்வதற்கும் இன்னும் சிறிது காலம் இருக்கின்றது.